மடு மண்ணும் மந்திகை மருந்தும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



இந்த விழாவில் எங்களை உருவாக்கிய ஒரு பெண்ணைப் பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டது. அதிபர்களைப் பற்றியும் ஆசிரியைகளைப் பற்றியும் பேசுவதற்கு எங்களைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள். நாங்கள் மூன்று சகோதரிகள். மூவரும் இந்தப் படலையால் உள்ளே வந்து படித்துப் போனவர்கள். எங்களை இந்தப் படலை வரை கூட்டிவந்து விட்டவர் எங்கள் அம்மம்மா. அவரைப் பற்றியே பேச வந்திருக்கிறோம். மற்ற இருவரும் கடல் கடந்து இருப்பதால், வைத்தியத்துக்குப் படித்தவள் மூவருக்குமாகச் சேர்த்துப் பேசுகிறாள்.

அம்மம்மா 1922 இல் மணற்காட்டில் பிறந்தவர். அங்கே பழைய அந்தோனியார் கோயில் மணலுக்குள் புதைந்து இடிபாடாக நிற்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1924 ஜூலை 2 ஆம் திகதி மடு மாதாவுக்கு முடிசூட்டிய திருநாளுக்குத் தன்னைத் தகப்பன் தோளில் தூக்கிக்கொண்டு போனதாகச் சொல்லுவார். இரண்டு வயதில் நடந்தது நினைவிருக்குமா என்று நாங்கள் கேட்டால், "நினைவில்லைத்தான், ஆனால் போனனான்" என்பார்.

கலியாணம் முடித்து உடுப்பிட்டிக்கு வந்தபோது எங்கள் ஒழுங்கையில் அவர் ஒருவரே கத்தோலிக்கர். சுற்றிவர எல்லாம் சைவக் குடும்பங்கள். நாங்கள் படித்ததோ அமெரிக்க மிஷன் தொடக்கிய பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்தில் ஒரு செபம், வீட்டில் இன்னொரு செபம், வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பிள்ளையார் கோயில் மோதகம். இதில் எதுவும் அம்மம்மாவுக்குக் குழப்பமாக இருக்கவில்லை. "பள்ளிக்கூடத்திலை சொல்லித்தாற செபத்தையும் ஒழுங்காச் சொல்லுங்கோ, கேக்கிறவர் ஒராள்தான்" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எங்களுக்குத் தப்ப வழியில்லை. விடிய முதல் எழுப்பி, பருத்தித்துறைக்குப் பூசைக்குக் கூட்டிப் போவார்.

1990 க்குப் பிறகு மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் மண்ணெண்ணெயும் விட்டு, திரி போட்ட விளக்கு. அந்த ஒரு விளக்கைச் சுற்றி மூவரும் படிப்போம். ஏழு மணிக்குப் புத்தகத்தை மூடச் சொல்லி அம்மம்மா செபமாலை தொடங்குவார். எண்ணெயை மிச்சம் பிடிக்கத் திரியையும் உள்ளே இழுத்துவிடுவார். "செபத்துக்கு வெளிச்சம் தேவையில்லை, கணக்குக்குத்தான் தேவை." வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு மாமி அடுப்படியில் இருந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அருள் நிறை மந்திரம் அவருக்கும் பாடமாகிவிட்டது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

1987 மே மாத இராணுவ நடவடிக்கையின்போது ஊரோடு சேர்ந்து நாங்களும் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் இருந்தோம். ஷெல் விழுகிற சத்தத்துக்கு நடுவே ஒரு பக்கம் தேவாரம், ஒரு மூலையில் அம்மம்மாவின் செபமாலை. யாரும் முகம் சுளிக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் இடம்பெயர்ந்து வந்தபோது எங்கள் வீட்டிலும் நான்கு குடும்பங்கள் இருந்தன. காலையில் பெரிய பானையில் கஞ்சி காய்ச்சி, சிரட்டையில் அளந்து, முதலில் வந்தவர்களுக்கும் கடைசியில் எங்களுக்கும் ஊற்றினார்.

இனி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறோம். அம்மம்மாவின் தலைமாட்டில் எப்போதும் ஒரு சின்னத் துணி முடிச்சு இருக்கும். அதற்குள் மடு மண். 1670 அளவில் ஒல்லாந்தரின் கெடுபிடிக்குத் தப்பி, மாந்தையிலிருந்து மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போன குடும்பங்களின் கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காட்டு மண் பாம்புக்கடிக்குக் காவல் என்பது மடுவுக்குப் போகிற சனங்களின் நம்பிக்கை. கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவர்களும் எடுத்து வருவார்கள்.

1993 இல் ஒரு மழை இரவு, பக்கத்து வீட்டு மாமியின் மகனைக் கண்ணாடிப் புடையன் கடித்தது. அவனுக்கு ஒன்பது வயது. பார்வை பார்க்கிறவரிடம் கொண்டுபோவோம் என்று சிலர், விடியட்டும் என்று சிலர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மம்மா வந்தார். முடிச்சை அவிழ்த்து ஒரு சிட்டிகை மண்ணைப் பிள்ளையின் நெற்றியில் பூசினார். கடித்த இடத்தில் பூசவில்லை. பிறகு மாமாவைப் பார்த்து, "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? சைக்கிளை எடு. மண் மாதாவின்ரை, மருந்து மந்திகையிலை" என்றார். இருட்டில், குண்டும் குழியுமான றோட்டில், மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை பிழைத்தான்.

அன்று அவர் செய்தது எவ்வளவு சரி என்பது, எங்களில் ஒருத்தி வைத்தியம் படித்த பிறகுதான் விளங்கியது. அந்தப் பாம்பின் நஞ்சு இரத்தத்தை உறையவிடாது, சிறுநீரகத்தைப் பழுதாக்கும். கடித்த இடத்தைக் கீறினாலோ இறுக்கிக் கட்டினாலோ ஆபத்து கூடும். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தத்தை விட்டு 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்ப்போம். உறையாவிட்டால் நஞ்சு ஏறியிருக்கிறது, எதிர்மருந்து உடனே தேவை. அங்கே தாமதம்தான் பெரிய எதிரி.

ஆனால் படிப்பு எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனத்தையும் தந்தது. 2002 இல் பாதை திறந்ததும் அம்மம்மா எண்பது வயதில் மடுவுக்குப் போய்ப் புது மண் கொண்டுவந்தார். விடுமுறைக்கு வந்திருந்த மருத்துவ மாணவி அதைக் கண்டு, "இந்த மண்ணை நம்பி எத்தனை பேர் செத்திருப்பினம் எண்டு தெரியுமே அம்மம்மா?" என்று கேட்டுவிட்டாள். அவர் கனநேரம் பேசவில்லை. பிறகு, "ஒராளைத் தெரியும்" என்றார்.

அன்றுதான் தன் மூத்த மகனைப் பற்றிச் சொன்னார். மூன்று வயது. கடுங்காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி அயலில் சொன்னார்கள். அவரோ நேர்த்தி வைத்து, மண்ணைக் கரைத்துப் பருக்கி, நான்கு நாள் முழங்காலில் இருந்தார். ஐந்தாம் நாள் பிள்ளை போய்விட்டது. "மாதா என்னைக் கைவிடேல்லை. நான்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடேல்லை. அவவும் ஒரு தாய்தானே, ஓடு எண்டுதான் சொல்லியிருப்பா. எனக்குத்தான் கேக்கேல்லை."

எங்கள் அம்மாவுக்குக்கூட அது முழுதாகத் தெரியாது. அதற்குப் பிறகு பிறந்த நாலு பிள்ளைகளையும், பேரப்பிள்ளைகளான எங்களையும், சின்னக் காய்ச்சலுக்கும் அவர் ஏன் தூக்கிக்கொண்டு ஓடினார் என்பது அன்று விளங்கியது. நம்பிக்கையை அவர் விடவில்லை, பிழையை மறைக்கவும் இல்லை. இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ஐம்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறார். கேட்டவள் மன்னிப்புக் கேட்டாள். "கேட்டது நல்லது. இனி வாற தாய்மாருக்கும் சொல்லு, ஆனால் ஏசாமல் சொல்லு" என்றார்.

அம்மம்மா 2008 ஏப்ரலில் காலமானார். சண்டை நெருங்கி, மடு மாதாவின் சொரூபமே தன் கோயிலை விட்டுத் தேவன்பிட்டிக்குப் போன மாதம் அது. 2006 ஆகஸ்டில் பூட்டிய ஏ9 பாதை திறக்கவில்லை. மூத்தவளின் பிரசவம் பார்க்கப் போன அம்மாவும் கனடாவில். ஒருத்தி இலண்டனில். ஒருத்தி கொழும்பில் ஒரு வார்ட்டில், யாரோ ஒருவருடைய அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு. பெற்ற பிள்ளை, பேரப்பிள்ளை ஒருவரும் பக்கத்தில் இல்லை. இந்தக் குறை எங்களை விட்டுப் போகாது.

ஆனால் அவர் தனியாகச் சாகவில்லை. பக்கத்து வீட்டு மாமி, நெற்றியில் திருநீற்றோடு, செபமாலையைக் கையில் எடுத்து, வேலிக்கு அப்பால் இருந்து கேட்டுக் கேட்டுப் பாடமான மந்திரத்தை விடிய விடியச் சொல்லியிருக்கிறார். "பிழை பிழையாத்தான் பிள்ளையள் சொன்னனான், பெரியம்மா இடைக்கிடை திருத்தினவ" என்று பிறகு தொலைபேசியில் எங்களிடம் சொல்லி அழுதார். பெட்டியைத் தூக்கியவர்களில் முன்னுக்கு நின்றவன், அன்று சைக்கிளில் மந்திகைக்குப் போன அந்தப் பிள்ளை.

பாதை திறந்த பிறகு வந்தபோது மாமி அந்தத் துணி முடிச்சை எங்களிடம் தந்தார். இப்போது அது ஒரு வைத்தியரின் மேசை இலாச்சிக்குள் இருக்கிறது. பிள்ளையின் கழுத்தில் நூலும் நெற்றியில் திருநீறும் கையில் மடு மண்ணுமாக, பிந்தி ஓடிவருகிற தாய்மாரை நாங்கள் இன்றும் காண்கிறோம். கோபம் வரும். அப்போது இலாச்சியை ஒருக்கால் திறந்து மூடுவோம். பிறகு ஏசாமல் பேசுவோம். ஏசினால் அந்தத் தாய் அடுத்த முறை இன்னும் பிந்தித்தான் வருவாள்.

தங்கைகளே, நீங்கள் எங்களைவிட அதிகம் படிப்பீர்கள். படித்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது, படிக்காத அம்மம்மாமாரிடம் கேள்வி கேளுங்கள். பதில் வரும் வரை பக்கத்தில் இருங்கள்.

பரிசளிப்பு விழாக்களில் அம்மம்மா இந்த மண்டபத்தின் கடைசி வரிசையில், கதவோரக் கதிரையில் இருப்பார். எங்கள் பெயர் வாசிக்கும்போது கைதட்டமாட்டார், சிலுவை அடையாளம் போடுவார். இன்றும் அந்தக் கதிரையைப் பார்த்தபடியே பேசி முடிக்கிறோம்.