ஒரு 'பிக்கப்'பில் ஒழியும் பல வினைகள்

(யானைக்கவுனியில் தமிழன்பர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய பொழிவின் எழுத்துவடிவம்)



மொழி தேய்வது இரு வழியில். ஒன்று, பெயர்ச்சொல் போவது. மற்றொன்று, வினைச்சொல் போவது. பெயர் போனால் மீட்டுக்கொள்ளலாம். 'சைக்கிள்' இருந்த இடத்தில் 'மிதிவண்டி' வந்து அமர்ந்ததை நாடறியும். வினை போனால் மீட்பது அரிது. ஏனெனில் வினை தனியே போவதில்லை. காலமும் இடமும் திணையும் பாலும் காட்டும் ஈறுகளுக்கு வேலையில்லாமற் செய்துவிட்டே போகின்றது. அவ்வாறு போய்க்கொண்டிருக்கும் வினைகளை அறிய ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்து ஆராய்தல் போதும். அச்சொல் 'பிக்கப்'.

இவ்வாராய்ச்சிக்கு யானைக்கவுனியினும் ஏற்ற இடம் வேறில்லை. கவுனி என்பது கோட்டைவாயில். 18-ஆம் நூற்றாண்டில் இந்நகரைச் சூழ எழுந்த மதிலில் பெரும்பகுதி போயிற்று. வாயிலின் பெயர் மட்டும் நின்றது. அம்மதிலின் பெயரால் அமைந்த 'வால்டாக்சு' சாலைக்கு வ.உ.சி. பெயரைச் சூட்டிய பின்னும் மக்கள் வாயில் 'மதில்வரி'யின் ஆங்கிலமே வழங்குகின்றது. அருகிலேயே சரக்குத் தொடர்வண்டி நிலையம் ஒன்று. உப்பைச் சேர்த்துவைத்த கொட்டாரம் அது. கொட்டாரம் என்னும் தமிழ்ச்சொல்லை ஆங்கிலேயன் தன் நாவிற்கேற்பத் திரித்தான். தமிழனும் தன் சொல்லைத் தானே அறியாமல் 'சால்ட் கோட்டர்சு' என்கின்றான்!

இங்குள்ள பொதிக்கிடங்குகளின் முன் சற்றே நின்று கேளுங்கள். "சரக்கைப் பிக்கப் பண்ணு", "ஆளைப் பிக்கப் பண்ணிட்டு வா", "வண்டியில் பிக்கப் இல்லை", "வணிகம் பிக்கப் ஆகவில்லை" – நான்கு பொருளுக்கும் ஒரே சொல்!

ஆங்கிலத்தின்மீது இங்குப் பகையில்லை. சிறிய வினையொன்றின் பின்னே 'மேல்', 'கீழ்', 'உள்', 'வெளி' எனப் பொருள்படும் சிறுசொல்லொன்றை ஒட்டிப் புதுப்பொருள் பிறப்பிப்பது அம்மொழியின் இயல்பு. அயலார்க்கு இது பெரிதும் இடர்ப்பாடு தருவதென்று ஆங்கில அகரமுதலி கண்ட சாமுவேல் சான்சனே 1755-இல் தம் முன்னுரையில் ஒப்புக்கொண்டார். இவ்வகை வினைக்கு இன்று வழங்கும் ஆங்கிலக் குறியீட்டை 1925-இல் தம் நூலால் பரப்பியவர் லோகன் பியர்சால் சுமித்து. ஆங்கிலேயனுக்கு அது செல்வம். தமிழனுக்கு?

முதற்பொருளை நோக்குவோம். கீழே கிடப்பதை மேலே கொணர்வது 'பிக்கப்'. தமிழில் கிடப்பது எது, எடுப்பது எதனால் என்பதற்கேற்ப வினை வேறுபடும். பொதுவாயின் எடுத்தல். சிதறிய சிறுபொருளை ஒவ்வொன்றாய் எடுப்பது பொறுக்குதல். கை நிறையக் கொள்வது அள்ளுதல். பரந்து கிடப்பதைக் கூட்டியெடுப்பது வாருதல். பளுவாயின் தூக்குதல். குழந்தையாயின் ஏந்துதல். நீராயின் முகத்தல். பறவை அலகால் எடுப்பது கொத்துதல். நாய் வாயால் எடுப்பது கவ்வுதல். காசிமேட்டில் வலையினின்று மீனைப் பொறுக்குவர். குவிந்த மீனைக் கூடையில் அள்ளுவர். உப்பளத்தில் உப்பை வாருவர். கிடங்கில் சும்மாடு வைத்துச் சிப்பத்தைத் தூக்குவர். இவ்வுழைப்பாளர் அகரமுதலி புரட்டியவரல்லர். ஆயினும் ஒரு வினையை மற்றொன்றன் இடத்தில் வைத்துப் பிழைபட்டவரும் அல்லர்.

இலையையே இலை, தாள், தோகை, ஓலை எனப் பிரித்துப் பெயரிட்ட தமிழின் நுட்பத்தைப் பாவாணர் எடுத்துக்காட்டினார். அந்நுட்பம் பெயரோடு நிற்பதன்று. வினையிலும் உண்டென்பதற்கு இவையே சான்று.

இரண்டாம் பொருள், ஊர்தியில் கொண்டுசெல்வது. தமிழின் உயிர்நிலையே இங்குத்தான் அடிபடுகின்றது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொடங்குவதே உயர்திணை, அஃறிணை என்னும் பகுப்பில். சரக்கை ஏற்றி வருவான் தமிழன். தாயை அழைத்து வருவான். வழியில் நிற்கும் நண்பனை ஏற்றிக்கொள்வான். இன்றோ, "பொதியைப் பிக்கப் பண்ணணும், அம்மாவையும் பிக்கப் பண்ணணும்" என்கின்றான். பெற்ற தாயும் கட்டிய மூட்டையும் ஒரு வினைக்குள் அடங்கிவிட்டன! இது சொல்லிழப்பு மட்டுமோ? மதிப்பிழப்பும் அன்றோ?

ஏனைப் பொருள்களை விரைந்து காண்போம். காற்றுப் 'பிக்கப்' ஆனால் வலுத்தல். நோயைப் 'பிக்கப்' செய்தால் தொற்றிக்கொள்ளல். மெலிந்தவன் 'பிக்கப்' ஆனால் தேறுதல். வணிகம் ஆனால் சூடுபிடித்தல். நொடித்த குடும்பம் ஆனால் தலையெடுத்தல். மொழியைச் செய்தால் கேட்டுப் பழகுதல். விட்ட கதையைச் செய்தால் தொடர்தல். பிறர் செலவைச் செய்தால் ஏற்றல். காவலர் ஆளைச் செய்தால் பிடித்துச் செல்லல். வண்டிக்குப் 'பிக்கப்' இல்லையென்றால் 'இழுவை இல்லை' என்பதே போதும். "வண்டி இழுக்கவில்லை" என்பது ஓட்டுநர் வாயில் இன்றும் வாழும் வழக்கு.

இவற்றுள் எதுவும் புதிதாய்ப் படைத்ததன்று. யாவும் நாட்டில் நடமாடும் சொற்களே. இருந்தும் ஒழிவானேன்? 'பண்ணு' என்னும் துணையால். 'பிக்கப்' தமிழின் கால ஈற்றை ஏலாது. 'பிக்கப்பினான்' என்பார் எவருமில்லை. ஆதலின் அதற்கு ஒரு சுமைகாவி வேண்டும். 'பண்ணு' தூய தமிழ்வினை; களிற்றையும் தேரையும் போருக்கு அணியமாக்குதலைப் பண்ணுதல் என்றனர் சங்கச் சான்றோர். அவ்வினையை இன்று அயற்சொல்லின் மூட்டையைச் சுமக்க விட்டனர். கால் பண்ணு, கட் பண்ணு, பிக்கப் பண்ணு! இவ்வழியே சென்றால் நூற்றுக்கணக்கான வினையடிகள் மடிந்து, 'பண்ணு', 'ஆகு' என இரண்டே எஞ்சும்.

"ஒரு சொல்லால் முடிவதற்குப் பல சொற்கள் எதற்கு? சிக்கனம் வேண்டாவோ?" எனச் சிலர் வினவுவர். அவ்வொரு சொல்லின் பொருளைத் தெளிய, முன்னும் பின்னும் உள்ள சொற்களை நோக்கியே தீரவேண்டும். தமிழில் வினையே பொருளைக் காட்டிவிடுகின்றது. "பொறுக்கினான்" என்ற அளவில், எடுத்தது சிறியது, பல, சிதறிக் கிடந்தது என்ற மூன்றும் விளங்கும். இதனினும் சிக்கனம் ஏது?

பள்ளிப்பிள்ளைகள் படும் பாடு வேறு. 'பிக் அப் – எடு' என நெட்டுருச் செய்த சிறுவன், "அவள் இராயபுரத்தில் தமிழை எடுத்தாள்", "காற்று எடுத்தது" என மொழிபெயர்க்கின்றான். இதனால் ஆங்கிலமும் வரவில்லை, தமிழும் நிற்கவில்லை. அவனுக்குத் துணைவினையைக் காட்டித் தொடங்குதல் வேண்டும். எடுத்துக்கொள், எடுத்துவிடு, எடுத்துவை, எடுத்துக்கொடு – ஒட்டும் சொல்லால் பொருள் திரிவதைத் தன் தாய்மொழியில் கண்டவன், ஆங்கிலத்தில் சிறுசொல் ஒட்டுவதை எளிதில் உணர்வான். படையெடு, தலையெடு, பெயரெடு, கணக்கெடு என்பன ஒரு வினை எத்தனை திசையில் ஓடுமென்பதைக் காட்டும். தமிழைச் செவ்வனே அறிந்தவனுக்கே ஆங்கிலமும் செவ்வனே வாய்க்கும்.

ஒருசொற் பல்பொருளுக்கெனத் தனித் தொகுதியே வைத்தது திவாகரம். 1974-இல் பாவாணர் தலைமையில் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியற் பேரகரமுதலியின் முதற்பகுதி, 1981-இல் அவர் மறைந்த பின், 1985-இல் வெளிவந்தது. ஏட்டில் சொல் காக்கப்பட்டுவிட்டது. ஆயினும் ஏட்டுச்சொல் விதைநெல் போன்றது. நாவில் விதைத்தாலன்றி முளைக்காது.

ஆகவே இச்சாலையிலேயே தொடங்கலாம். 'பிக்கப் பாயிண்ட்' எனப் பலகை மாட்டிய கடைகளும் ஊர்தி நிறுவனங்களும் உள. ஆட்கள் வந்து ஏறும் இடத்தில் 'ஏறுமிடம்' என எழுதுங்கள். சரக்கைக் கொண்டுபோய் வைக்கும் இடத்தில் 'ஏற்றுமிடம்' என எழுதுங்கள். றகரம் ஒன்று இரட்டித்த அளவில், தானே ஏறும் மாந்தன் வேறு, பிறர் ஏற்றும் மூட்டை வேறு என்று தன்வினையும் பிறவினையும் பிரித்துக் காட்டும் மொழி தமிழ். இவ்விரு பலகைகளுக்கு ஆகும் செலவு சிறிது. வீட்டில் பெற்றோர் "அம்மாவை அழைத்து வா" என்று சொல்வதற்கோ செலவே இல்லை. இன்று மாலையே சொல்லத் தொடங்குங்கள். கேட்கும் பிள்ளையின் வாயில் அவ்வினை இன்னும் ஒரு தலைமுறை வாழும்.