சடுகுடுக் களமும் மாதர் பாதுகாப்பும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



பொங்கலை ஒட்டி நம் கிராமங்களில் சடுகுடுப் போட்டி நடத்துகிறோம். பந்தல் போடுகிறோம், ஒலிபெருக்கி வைக்கிறோம், சுழற்கோப்பை வழங்குகிறோம். அண்மைக் காலமாகப் பெண்களுக்கு எதிரான கொடுமையைக் கண்டிக்கும் பதாகை ஒன்றையும் களத்தோரம் கட்டுகிறோம். சிறப்பு விருந்தினர் அதைப்பற்றி அரைமணி நேரம் பேசுகிறார். ஆட்டம் எப்போது தொடங்கும் என்று இளைஞர்கள் காத்திருக்கிறார்கள். அன்றிரவே பக்கத்து வீட்டில் ஒருவன் மனைவியை அடிக்கும் ஓசை கேட்டால், 'அது அவர்கள் குடும்ப விவகாரம்' என்று கதவைச் சாத்திக் கொள்கிறோம். பதாகையால் விளைந்த பயன் யாது?

விளையாட்டினால் இவ்விஷயத்தில் பயனே இல்லை என்று நாம் கூற வரவில்லை. பயன் விழாவில் இல்லை, அன்றாடப் பயிற்சியில் இருக்கிறது. தந்தை சொல்லைத் தட்டும் வாலிபனும் பயிற்சியாளர் சொல்லைத் தட்டுவதில்லை அல்லவா? அமெரிக்காவில் சாக்ரமெண்டோ பகுதியைச் சேர்ந்த 16 உயர்நிலைப் பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சில பள்ளிகளில் பயிற்சியாளர்கள் வாரம் ஒருமுறை, சிறிது நேரம், பெண்களை மதித்து நடப்பதைப் பற்றி மாணவர்களுடன் பேசி வந்தனர். தோழன் ஒருவன் பெண்ணிடம் முறைகேடாக நடக்கும்போது குறுக்கிட்டுத் தடுக்கும் இயல்பு அம்மாணவர்களிடம் கூடியிருந்ததை 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. இம்முறையையே மும்பையில் கிரிக்கெட் பயிற்சியாளர்களைக் கொண்டு 'பரிவர்த்தன்' என்னும் பெயரில் நடத்தினார்கள்.

நமக்குக் கிரிக்கெட் வேண்டியதில்லை, சடுகுடு போதும். பாடி வருபவனின் வாயைப் பொத்துவதும் கழுத்தை நெரிப்பதும் அவ்வாட்டத்தின் விதிப்படி குற்றம். நடுவர் உடனே விசில் ஊதுகிறார். எதிர்க்கட்சி ஆட்டக்காரனுக்கே இத்தனை பாதுகாப்பு இருக்கையில், வீட்டிலுள்ள பெண்ணின் கழுத்தில் கை வைப்பவனுக்கு விசில் ஊதுவது யார் என்று பயிற்சியாளர் கேட்கட்டும். விடையை அவரே சொல்லிவிட வேண்டாம், பிள்ளைகள் பேசட்டும். பெண்களை வழிமறித்துக் கேலி செய்யும் நண்பனிடம் என்ன சொல்வது, தந்தை தாயை அடிக்கும்போது யாரிடம் ஓடுவது என்னும் கேள்விகள் அவர்கள் மனத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. (தம் மனைவியை அடிப்பவர் என்று ஊரே அறிந்த ஒருவரை, ஆட்டத்தில் வல்லவர் என்பதற்காக இப்பணியில் அமர்த்திவிடாதீர்கள்.)

யாரிடம் சொல்வது என்பதற்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அடிபட்டவர்தாம் முறையிட வேண்டும் என்பதில்லை. கொடுமை நடக்கிறது என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர்மேல் வழக்கு எதுவும் சாராது. மகளிர் உதவித் தொலைபேசி எண் 181. களத்துச் சுவரில் முதலில் எழுத வேண்டியது இந்த எண்ணையே.

இனி, பெண் பிள்ளைகள். மும்பையில் சிவாஜி நகர் என்னும் ஏழை மக்கள் பகுதியில் 12 முதல் 16 வயது வரையுள்ள சிறுமியருக்கு இதே நோக்கத்துடன் கபடி கற்பித்தார்கள். திடலுக்குப் போனால் ஊர் என்ன சொல்லுமோ என்னும் அச்சம் அங்கும் வீடுகளில் இருந்தது. 2010-இல் ஆசிய விளையாட்டில் மகளிர் கபடி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது நம் நாட்டுப் பெண்கள் தங்கம் வென்றார்கள். அச்செய்தியைக் கேட்டு மகிழ்ந்த ஊர்களிலும் பெண் பெரியவளானதும் திடல் அவளுக்கு அடைபட்டுவிடுகிறது. பெண்களே இல்லாத திடலில் நின்றுகொண்டு, பெண்களை மதிக்க வேண்டும் என்று பையன்களுக்குச் சொன்னால் அவர்கள் எப்படி நம்புவார்கள்?

திடல் பஞ்சாயத்தினுடையது. வரும் கிராம சபையில், வாரத்தில் இரண்டு மாலையேனும் அதைப் பெண்களுக்கென ஒதுக்கும் தீர்மானத்தைக் கொண்டு வாருங்கள். பெரியவர் சிலர் எதிர்ப்பார்கள். அவர்களுடைய பேத்திமாரையும் கூட்டத்துக்கு அழையுங்கள். பெண் பயிற்சியாளர் கிடைப்பாரா என்று பக்கத்துப் பள்ளியில் விசாரியுங்கள். சுழற்கோப்பைக்கு வைத்த பணத்தில் ஒரு பகுதி, திடலிலிருந்து தெருவரை விளக்குப் போடுவதற்குச் செல்லட்டும்.