மலைவழி நெடும்பயணத்திற்கு எஞ்சினும் கியர்பாக்ஸும்

தில்லியிலும் சண்டிகரிலும் பணிபுரியும் நம்மவர் சிலர், பழைய ஜீப் ஒன்றை வாங்கிப் புதுக்கி, மணாலி வழியாக லடாக் வரை சென்றுவர ஆவல் கொள்கின்றனர். வண்ணத்திற்கும் இருக்கைக்கும் தாராளமாகச் செலவிட்டுவிட்டு, எஞ்சினைப் பற்றி இறுதியில் யோசிப்பதே வழக்கமாக இருக்கிறது. நேயர்களே, அம்முறையைச் சற்றே மாற்றிப் பார்ப்போம்.

மணாலி–லே சாலையில் தாண்டி என்னும் ஊரின் எண்ணெய் நிலையத்தில், அடுத்த நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எழுதிய பலகை பேர்பெற்றது. இடையில் வரும் டாக்லாங் கணவாயின் உயரமோ 5,300 மீட்டருக்கும் மேல். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே. டர்போ இல்லாத எஞ்சின் அத்தகைய இடத்தில் தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்து, கரும்புகையைக் கக்கிக்கொண்டு ஏறும். டர்போ அவ்விழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்கிறது. ஆயினும், டர்போவுக்கென அமைக்கப்படாத பழைய எஞ்சினில் அதனைப் பின்னர்ப் பொருத்துவது பிஸ்டனுக்கும் ஹெட் காஸ்கெட்டுக்கும் கேடு. ஆலையிலேயே டர்போவுடன் வந்த எஞ்சினே மேல்.

மஹிந்திரா ஜீப்புகளில் வந்த 2,498 சி.சி. பெஜோ டீசல் எஞ்சின் மென்மையாக ஓடுவது. குளிர்ந்த விடியலில் மட்டும் ஹீட்டர் பிளக் சூடேறும்வரை பொறுத்திருக்க வேண்டும். அந்நிறுவனத்தின் 2,523 சி.சி. நேரடி டீசல் எஞ்சின் இரைச்சல் மிகுந்ததாயினும், அதனை அறிந்த மெக்கானிக் சிற்றூரிலும் கிடைப்பார். மின்னணு முறையில் இயங்கும் காமன் ரெயில் எஞ்சின் சிக்கனமானதே. ஆயினும் ஒரு சென்சார் பழுதுபட்டால், கணினியின்றி அதன் நோயைக் கண்டறிவது அரிது. ஆள் நடமாட்டமற்ற வழிக்கு நாம் எளிய எஞ்சினையே விரும்புவோம்.

கியர்பாக்ஸைப் பற்றி ஒரு கணக்கு. முதல் கியரின் விகிதம் 4, டிரான்ஸ்பர் கேஸின் தாழ்நிலை விகிதம் 2.5, அச்சின் விகிதம் 4.5 என்று கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 45. எஞ்சின் நிமிடத்திற்கு 900 சுற்றுச் சுற்றுகையில் சக்கரம் சுற்றுவது 20 முறையே. முக்கால் மீட்டர் விட்டமுள்ள டயரானால், வேகம் மணிக்கு 3 கிலோமீட்டருக்கும் குறைவு. கல் நிறைந்த ஓடையைக் கடப்பதற்கு இது போதும். செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கைக் காய்ச்சாமல் இறங்குவதற்கும் இதுவே துணை. ஆனால் தில்லியிலிருந்து மலையடிவாரம் வரை அகன்ற நெடுஞ்சாலை அன்றோ! நான்கு கியர் மட்டுமே உள்ள பெட்டியில், 80 கிலோமீட்டர் வேகத்திற்கு எஞ்சின் ஏறத்தாழ 2,540 சுற்றுச் சுற்றும், 0.85 விகிதமுள்ள ஐந்தாம் கியர் இருப்பின் 2,160 போதும். நாள் முழுதும் ஓட்டுபவரின் காதுக்கும் கைப்பணத்துக்கும் இவ்வேறுபாடு தெரியும்.

வலிய எஞ்சினைப் பழைய கியர்பாக்ஸோடு இணைப்பதில் ஓர் அபாயம் உண்டு. தாழ்நிலையில் பெருகும் முறுக்குவிசை, பெட்டியின் பற்களையோ அச்சுத்தண்டையோ முறித்துவிடக்கூடும். ஆதலின் ஒரே வண்டியிலிருந்து எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றையும் சேர்த்தே எடுப்பது நலம். பெட்டியின் நீளம் மாறினால் புரொபெல்லர் ஷாஃப்டையும் அளந்து மாற்ற வேண்டும்.

பணம் கொடுக்குமுன் பதிவு அலுவலகத்தை அணுகுக. எஞ்சின் எண் பதிவுச் சான்றில் உள்ளது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்திற்று. அனுமதியின்றி மாற்றிய வண்டி விபத்துக்குள்ளானால், காப்பீட்டுத் தொகை பெறுவதிலும் வழக்கு எழக்கூடும். ஊரிலிருந்து வண்டியைக் கொண்டுவந்தோர்க்கு இன்னொன்று: வேறு மாநிலத்தில் 12 மாதத்திற்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். பழைய டீசல் வண்டிகளுக்குத் தில்லியில் உள்ள கட்டுப்பாடுகளையும் அப்போதே கேட்டறிக.

வேலை முடிந்தபின், முழுச் சுமையேற்றிக் கால்காவிலிருந்து சிம்லா வரை ஒருமுறை ஏறிப் பாருங்கள். ரேடியேட்டர் கொதிக்குமாயின் அங்கேயே கொதிக்கட்டும். திரும்பிவர வழியும் உண்டு, பட்டறையும் உண்டு.