கைத்திறனும் கணிப்பொறியும்

கடலூர் மாவட்டத்தின் செம்மண் நிலத்தில் இன்று நெய்வேலி நகரம் நிற்கிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது, நீரோடு கரிய பொருள் ஒன்றும் வெளிவந்தது. அது பழுப்பு நிலக்கரி என்று பின்னர் ஆய்வாளர் கண்டனர். 1956-ஆம் ஆண்டு நவம்பரில் அரசு நிறுவனம் ஒன்று அமைந்தது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் மேல்மண் முற்றும் அகன்று, நிலக்கரிப் படுகை முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிந்தது. மறு ஆண்டில், சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்த அனல் மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது.

நிலக்கரி வெளிப்பட்ட அதே 1961-இல் நம் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. தொழிற்பழகுநர் சட்டம் என்பது அதன் பெயர். நிலக்கரியைப் பற்றிப் பேசிய அளவுக்கு அச்சட்டத்தைப் பற்றி நாம் பேசியதில்லை. மண்ணுக்குள் கிடக்கும் செல்வத்தைத் தோண்ட ஒரு நிறுவனம் வேண்டும். மனிதருக்குள் கிடக்கும் செல்வத்தைத் தோண்ட ஒரு சட்டம் வேண்டும். இளைஞருக்குத் தொழில் கற்பிப்பதற்காக அரசு செலவிடும் பணம் எங்கே பயன் தருகிறது, எங்கே தருவதில்லை என்பதை மாணவர்களாகிய உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

சட்டம் சொல்வது இதுதான். தொழிற்கூடம் நடத்துவோர் தம் பணியாளர் தொகைக்கு ஏற்ற அளவில் இளைஞர்களைப் பழகுநராக ஏற்று, பணியிடத்திலேயே தொழில் கற்பிக்க வேண்டும். பயிலும் காலத்தில் அவர்களுக்கு உதவித்தொகை தரவேண்டும். 1973-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் பொறியியல் பட்டதாரிகளுக்கும் பட்டயம் பெற்றோருக்கும் இவ்வாய்ப்பு விரிந்தது. 2019-இல் திருத்திய விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம் தன் பணியாளர் தொகையில் நூற்றுக்கு இரண்டரை முதல் 15 வரையில் பழகுநர்களை ஏற்க வேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ள சிறு நிறுவனங்கள் விரும்பினால் ஏற்கலாம்.

நெய்வேலியில் பிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீஷியன், வயர்மேன் ஆகிய தொழில்களுக்குப் பழகுநர்களை அழைத்து நிறுவனம் அறிவிப்புகள் வெளியிட்டு வந்திருக்கிறது. அந்தப் பட்டியலில் கணிப்பொறித் தொழிலும் இடம்பெற்றது. தொழிற்பயிற்சி நிலையத்தில் ஓராண்டு ‘கோபா’ படித்தவர்கள், அதாவது கணிப்பொறி இயக்கவும் நிரல் எழுதவும் தொடக்கப் பயிற்சி பெற்றவர்கள், அதற்கு விண்ணப்பிக்கலாம். சம்மட்டியும் திருகுச் சாவியும் ஆண்ட இடத்தில் கணிப்பொறிக்கும் ஓர் இருக்கை கிடைத்தது என்று இதனைக் கொள்ளலாம்.

ஆயினும் அந்த ஓர் இருக்கையோடு காரியம் முடிந்துவிட்டதா? இல்லை. கணிப்பொறி இப்போது தனக்கென ஓர் அறையில் அமர்ந்திருக்கும் பொருள் அன்று; மற்ற எல்லாத் தொழில்களுக்குள்ளும் அது புகுந்துவிட்டது. 1962-இல் இயங்கத் தொடங்கிய முதலாம் அனல் மின் நிலையத்தில் ஒன்பது இயந்திரத் தொகுதிகள் சேர்ந்து 600 மெகாவாட் தந்தன. அது 2020-இல் ஓய்வு பெற்றது. அதற்கு மாற்றாக எழுந்த புதிய நிலையத்தில் இரண்டே தொகுதிகள். அவற்றின் திறனோ 1,000 மெகாவாட். முன்னர் முள் ஆடும் அளவிகளை நோக்கியும், இயந்திரத்தின் ஓசையைக் காதால் கேட்டும் பணிபுரிந்தனர். இப்போது வெப்பம், அழுத்தம், அதிர்வு, நீரின் ஓட்டம் யாவும் எண்களாகத் திரையில் வந்து நிற்கின்றன.

இதை விளக்கச் சுரங்கத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்குக் கீழே பேரழுத்தத்தோடு நீர் தேங்கியிருக்கிறது. மேலுள்ள மண்ணை அகற்றியதும் அந்நீர் சுரங்கத்தின் தரையை உடைத்துக்கொண்டு மேலெழ முற்படும். ஆகவே, இரவு பகலாகப் பம்புகள் நீரை இறைத்து அழுத்தத்தைத் தணித்தவண்ணம் உள்ளன. இத்தகைய பம்பு ஒன்றில் நீரோட்டம் திடீரென்று குறைந்ததாகத் திரை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது நீரோட்டமா, அல்லது அளக்கும் கருவி கெட்டுவிட்டதா? பம்பு மட்டும் அறிந்தவர் எண்ணைப் புரிந்துகொள்ளத் தடுமாறுவார். கணிப்பொறி மட்டும் அறிந்தவர் எண்ணை அப்படியே நம்பிவிடுவார். எண்ணைப் படிக்கவும், ஐயம் வந்தால் பம்பின் அருகே சென்று கைவைத்துப் பார்க்கவும், கண்டதைப் பிழையின்றிப் பதிவு செய்யவும் தெரிந்தவரே வேண்டப்படுகிறார். படித்தல், ஐயுறுதல், பதிதல் ஆகிய இம்மூன்றும் சேர்ந்ததே புதுக் காலத்துத் தொழில் திறன்.

இந்த உண்மையைப் பிற நாட்டார் முன்னரே உணர்ந்தனர். நெய்வேலிச் சுரங்கத்தில் மண்ணை வெட்டும் மாபெரும் சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. அந்நாட்டில் பழகுநர் வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளியிலும் எஞ்சிய நாட்கள் தொழிற்கூடத்திலும் பயில்வார்கள். 1998-இல் அவர்கள் இயந்திரவியல், மின்னியல், கணிப்பொறி ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பின்னி, ‘மெக்கட்ரானிக்ஸ்’ என்னும் பெயரால் ஒரு தனித் தொழிலையே வகுத்தனர். இயந்திரத்தைப் பெற்ற நாம், அதனைப் பேணும் கல்விமுறையிலிருந்தும் கற்றுக்கொள்வதில் தவறில்லை.

இனிப் பணத்திற்கு வருவோம். 2016 ஆகஸ்டில் மத்திய அரசு தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. விதித்த உதவித்தொகையில் நான்கில் ஒரு பங்கை, மாதம் 1,500 ரூபாய்க்கு மேற்படாமல், அரசே ஏற்கும் என்பது அதன் சாரம். 6,000 ரூபாய் உதவித்தொகையானால் அரசு 1,500 தரும். முதலாளி 4,500 தருவார். 8,000 ரூபாயானால் நான்கில் ஒரு பங்கு 2,000 ஆகும். ஆனால் அரசின் பங்கு 1,500-இலேயே நின்றுவிடும். 2023-இல் இத்தொகையை நேரே பழகுநரின் வங்கிக் கணக்கில் செலுத்தும் முறை வந்தது.

மாநில அரசும் வாளாவிருக்கவில்லை. 2022 மார்ச் முதல் நாள் ‘நான் முதல்வன்’ திட்டம் தொடங்கி, கல்லூரி மாணவர்க்குப் பாடத்தோடு தொழில் திறனும் வழங்க முற்பட்டது. 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து புதிய தொழில்நுட்ப மையங்களாக உயர்த்தும் பணி, சுமார் 2,877 கோடி ரூபாய்ச் செலவில் மேற்கொள்ளப்பட்டது.

இப்பணத்தினால் யாருக்குப் பெரும் பயன்? நெய்வேலி நிறுவனம் போன்ற பெரிய நிறுவனத்திற்கு மாதம் 1,500 ரூபாய் ஒரு பொருட்டே அன்று. அதற்கெனப் பயிற்சி மையம் உண்டு, ஆசிரியர் உண்டு. ஆனால் அருகிலுள்ள விருத்தாசலத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே பீங்கான் பொருள் செய்யும் சிறு தொழிற்கூடங்கள் பல உள்ளன. எட்டுப் பேரை வைத்துச் சூளை நடத்தும் ஒருவர், சூளையின் வெப்பத்தைக் கருவியால் அளந்து பதியவும், சரக்குக் கணக்கையும் வரிக் கணக்கையும் கணிப்பொறியில் எழுதவும், பொருளை இணையத்தின் வழி விற்கவும் ஓர் இளைஞனைப் பழக்க விரும்பலாம். அவருக்கு அந்த 1,500 ரூபாய், துணிவதற்கும் தயங்குவதற்கும் இடையே நிற்கும் தொகை. அரசின் பணம் மிகுந்த பயன் தருவது இத்தகைய சிறு தொழிற்கூடங்களிலேதான்.

ஆனால் அங்கேதான் ஒரு குறையும் உண்டு. பணம் இருக்கும், கற்பிக்க ஆள் இராது. இளைஞன் வந்தால் கடைக்கு அனுப்பவும், மூட்டை தூக்கவும், தேநீர் வாங்கி வரவும் பயன்படுத்திவிட்டு, ஓராண்டு கழிந்ததும் ‘பயிற்சி முடிந்தது’ என்று எழுதிவிடுவது எளிது. சட்டம் பழகுநரைத் தொழிலாளி என்று சொல்லவில்லை; பயில்பவர் என்றே சொல்கிறது. பயில்பவருக்குப் பாடம் இல்லையென்றால், அரசு கொடுத்தது கல்விக்கான பணம் அன்று. மலிவான கூலிக்குக் கொடுத்த மானியமே ஆகும். ஆகவே பயிற்சிக்குப் பணம் தருவதோடு, பயிற்றுவிப்போரை உருவாக்கவும் அரசு செலவிட வேண்டும் என்பது என் கருத்து. பெரிய நிறுவனத்தின் அனுபவம் மிக்க தொழிலாளர், பணி ஓய்வுக்குப் பின் சுற்றுவட்டாரச் சிறு தொழிற்கூடங்களுக்கு வாரம் ஒருமுறை சென்று கற்பிக்க ஓர் ஏற்பாடு செய்தால், நெய்வேலியின் அறுபதாண்டு அறிவு வீணாகாது.

நெய்வேலியைப் பொறுத்தவரை மனத்தை உறுத்தும் செய்தி இன்னொன்று உண்டு. சுரங்கத்திற்கு நிலம் கொடுத்த சிற்றூர்க் குடும்பங்கள் பல. நிலம் போயிற்று, பிள்ளைக்கு வேலையேனும் கிடைக்கட்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அவ்வெதிர்பார்ப்பு நியாயமானது. பயிற்சிக்கு அழைப்பு வந்ததும் அதனை வேலைக்கான வாயிலென்றே அவர்கள் கருதுகிறார்கள். ஆனால் சட்டம் அவ்வாறு உறுதி கூறவில்லை. பயிற்சி முடித்தவருக்கு வேலை தரும் கடமை முதலாளிக்கு இல்லை என்றே 1961-ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. 2014-ஆம் ஆண்டுத் திருத்தம், பயிற்சி முடித்தோரை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்றது. கொள்கை வகுப்பது வேறு, வேலை கிடைப்பது வேறு. இவ்வேறுபாட்டை முதல் நாளிலேயே தெளிவாக எடுத்துரைப்பது நிறுவனத்தின் கடமை. ஓராண்டு நம்பிக்கை ஊட்டி, இறுதி நாளில் கைவிரிப்பது நேர்மையன்று. நிலத்தை இழந்தவர்க்குச் செய்ய வேண்டிய நீதியைப் பயிற்சி என்ற பெயரால் ஈடுசெய்துவிடவும் முடியாது. அது தனியே தீர்க்க வேண்டிய கடன்.

அப்படியாயின் பயிற்சியால் பயன் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பயிற்சியின் முடிவில் தேர்ச்சி பெறுவோர்க்கு வழங்கும் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். அதைவிட மேலானது, கையிலும் கருத்திலும் தங்கிவிட்ட திறன். நிலக்கரி ஒரு நாள் தீரும். நெய்வேலியிலேயே இன்று சூரிய ஒளியால் மின்சாரம் எடுக்கிறார்கள். எண்ணைப் படித்து ஐயுற்றுப் பதியத் தெரிந்தவருக்குச் சுரங்கத்திலும் இடமுண்டு. சூரிய மின் நிலையத்திலும், கடலூர்த் தொழிற்பேட்டையிலும், சென்னையிலும் இடமுண்டு. ஒரே வாயிலை நோக்கிக் காத்திருக்கச் செய்யும் பயிற்சி பாதிப் பயிற்சி. எங்கும் சென்று தட்டக்கூடிய துணிவைத் தருவதே முழுப் பயிற்சி.

ஆகவே, மாணவர்களே! பயிற்சிக்குச் செல்லும் முன் சில கேள்விகள் கேளுங்கள். என் ஒப்பந்தம் முறைப்படி பதிவாகிறதா? எனக்குக் கற்பிப்பவர் யார்? எந்தெந்தக் கருவிகளில் என்னைப் பழக்குவார்கள்? பயிற்சிக்குப்பின் வேலை பற்றிய உங்கள் கொள்கை யாது? பணிவோடு கேளுங்கள், ஆயினும் கேட்காமல் இராதீர்கள். பயிலும் நாளில் அன்றன்று கற்றதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். கையால் செய்ததை ஏட்டில் எழுதி வைத்தால் அது பின்னாளில் நிச்சயம் உதவும்.

அரசு தருவது பொதுமக்களின் வரிப்பணம். அதனைப் பெறும் முதலாளி உண்மையாகக் கற்பிக்கவும், இளைஞர் ஊக்கத்தோடு கற்கவும், அரசு கண்காணித்துக் கணக்குக் கேட்கவும் கடமைப்பட்டவர்கள். இம்மூவருள் ஒருவர் தவறினாலும் பணம் செலவாகும், திறன் விளையாது. மூவரும் தம் கடமையை ஆற்றினால், மண்ணைத் தோண்டி ஒளி கண்ட நெய்வேலி, தன் இளைஞர்களாலும் ஒளிபெறும்.