இடம்பெயர்ந்தோரின் பெயர்கள் நம்மிடம் உள்ள அமானிதம்

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும், அவர்தம் அடிச்சுவட்டில் நடக்கும் அனைவர் மீதும் என்றென்றும் நின்று நிலவட்டுமாக! ஆமீன்.



எனக்கும் உங்களுக்கும் இறையச்சத்தை வஸிய்யத் செய்து இந்த ஜும்ஆ உரையைத் தொடங்குகிறேன்.

வீட்டிலிருந்து ஒருவரை அநியாயமாக வெளியேற்றுவது எத்தகைய குற்றம் என்பதைத் திருக்குர்ஆன் பல இடங்களில் உணர்த்துகிறது. இரத்தம் சிந்தக் கூடாது, உங்களில் ஒருவரையொருவர் வீடுகளிலிருந்து வெளியேற்றக் கூடாது என்ற இரண்டையும் பகரா அத்தியாயத்தின் 84ஆம் வசனம் ஒரே உறுதிமொழியில் சேர்த்துச் சொல்கிறது. உயிரைப் பறிப்பதும் ஊரைப் பறிப்பதும் அல்லாஹ்வின் பார்வையில் அருகருகே வைக்கப்பட்ட குற்றங்கள்.

அந்த வேதனையை நம் நாயகம் (ஸல்) அவர்களே அனுபவித்தார்கள். மக்காவைவிட்டுப் புறப்பட்டபோது அந்த நகரைத் திரும்பிப் பார்த்து, தம் சமூகத்தார் வெளியேற்றியிராவிட்டால் தாம் அதைவிட்டுப் போயிருக்கமாட்டோம் என்ற கருத்தில் உருகிப் பேசினார்கள் என்று திர்மிதி பதிவு செய்கிறது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் மக்கா வெற்றியின்போது, எங்கே தங்கப் போகிறீர்கள் என்று உஸாமா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அகீல் நமக்கு ஏதேனும் வீட்டை விட்டுவைத்திருக்கிறாரா என்று நபியவர்கள் திருப்பிக் கேட்டார்கள். ஊர் திரும்பியது, வீடு திரும்பவில்லை. இடம்பெயர்ந்த ஒவ்வொரு மனிதனும் அறிந்த துயரம் இது.

எல்லை தாண்டாத அகதிகள்

அன்பிற்குரியவர்களே! போருக்கு அஞ்சி நாட்டின் எல்லையைத் தாண்டிச் சென்றவரை உலகம் அகதி என்கிறது. அவருக்கென 1951ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை உள்ளது. ஆனால், எல்லையைத் தாண்டாமல் சொந்த நாட்டிற்குள்ளேயே வேறோர் ஊரில் ஒதுங்கியவருக்கு அந்த உடன்படிக்கை பொருந்தாது. இவர்களுக்காக 30 நெறிகளைக் கொண்ட வழிகாட்டிக் கோட்பாடுகளை, சூடானைச் சேர்ந்த பிரான்சிஸ் டெங் அவர்கள் 1998இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைத்தார். காணாமற்போன உறவினரின் கதியை அறியும் உரிமை, இழந்த ஆவணங்களை மீண்டும் பெறும் உரிமை ஆகியவை அவற்றில் அடங்கும். எனினும், அவை நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை அல்ல.

போராலும் வன்முறையாலும் இவ்வாறு தம் நாட்டிற்குள்ளேயே இடம்பெயர்ந்து வாழ்வோர் 2024ஆம் ஆண்டின் இறுதியில் 7 கோடியே 35 லட்சம் பேர் என ஜெனீவாவிலுள்ள உள்நாட்டு இடப்பெயர்வுக் கண்காணிப்பு மையம் கணக்கிட்டது. அவர்களில் சூடானில் மட்டும் 1 கோடியே 16 லட்சம் பேர்.

இவர்களை எப்படி எண்ணுகிறார்கள்? சர்வதேச இடம்பெயர்வு அமைப்பு 2004இல் இராக்கில் ஒரு முறையைத் தொடங்கியது. பணியாளர்கள் ஊர் ஊராகச் சென்று, ஊர்ப் பெரியவர், ஆசிரியர், பள்ளிவாசல் இமாம் போன்றோரிடம் கேட்டறிகிறார்கள். சாலைச் சந்திகளில் நின்று போவோரையும் வருவோரையும் எண்ணுகிறார்கள். முகாம்களில் குடும்பம் குடும்பமாகப் பதிகிறார்கள். முகாமில் இருப்பவர் எளிதில் கணக்கில் வருவார். உறவினர் வீட்டின் ஒரு மூலையில் ஒதுங்கியவர், வாடகை அறையில் முடங்கியவர், ஆண் துணையற்ற பெண் ஆகியோர் எளிதில் விடுபட்டுப் போவார்கள். கணக்கில் விடுபட்டவருக்கு அரிசியும் இல்லை, கூரையும் இல்லை, திரும்பிச் செல்லும் வழியும் இல்லை.

வடபுலத்து முஸ்லிம்களின் வரலாறு

இது நமக்குத் தொலைதூரச் செய்தி அன்று. நம் மொழியையே பேசும் நம் சகோதரர்களின் வரலாறு கடலுக்கு அப்பால் நமக்கு அருகிலேயே இருக்கிறது.

1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாணத்தில் இருந்த முஸ்லிம்கள் அனைவரையும் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அக்டோபர் 30 அன்று மக்கள் ஜின்னா மைதானத்திற்கு அழைக்கப்பட்டனர். இரண்டு மணி நேரத்தில் வெளியேற வேண்டும் என்பது கட்டளை. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த நகைகளும், வீட்டு உறுதிப் பத்திரங்களும், கடைகளும் அங்கேயே நின்றன. மன்னார்த் தீவின் மக்கள் படகுகளில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினர். மொத்தம் 70,000க்கும் மேற்பட்டோர் வேரோடு பிடுங்கப்பட்டனர்.

புத்தளம் மக்கள் அன்று அன்ஸார்களாக நின்றார்கள். பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் வீடுகளையும் திறந்துவிட்டார்கள். தென்னந்தோப்புகளில் கிடுகுக் குடிசைகள் எழுந்தன. சில வாரங்களுக்கு என்று நினைத்த வாழ்க்கை இருபது ஆண்டுகளாக நீண்டது.

சகோதரர்களே! அந்த இருபது ஆண்டுகளில் கணக்குக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கவனியுங்கள். 2009 மே மாதம் போர் முடிந்தது. இறுதிப் போரில் சிக்கிய ஏறத்தாழ 3 லட்சம் தமிழ் மக்கள் வவுனியா முகாம்களில் அடைபட்டுக் கிடந்தனர். அவர்களின் துயரம் பெரிது; அவர்களுக்கு உதவி விரைந்தது நியாயமே. ஆனால், 2008 ஏப்ரலுக்கு முன் இடம்பெயர்ந்தவர்கள் பழையவர்கள் என்றும், பின்னர் இடம்பெயர்ந்தவர்கள் புதியவர்கள் என்றும் பிரிக்கப்பட்டபோது, பழையவர்கள் வரிசையின் கடைசிக்குப் போனார்கள்.

1990இல் ஒரு குடும்பமாக வந்தவர்கள் 2010இல் மூன்று நான்கு குடும்பங்களாகப் பெருகியிருந்தனர். பழைய பதிவேட்டின்படியோ அது ஒரே வீடு. பிள்ளைகள் புத்தளத்தில் பிறந்தவர்களாதலால், அவர்களும் இடம்பெயர்ந்தோர்தாமா என்ற கேள்வி எழுந்தது. மன்னாரின் முசலிப் பகுதியில் ஆளற்றுக் கிடந்த ஊர்களைக் காடு மூடியிருந்தது. மறிச்சுக்கட்டி, கரடிக்குளியை ஒட்டிய நிலம் 2012இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. திரும்பி வந்தவர்கள் காட்டை ஆக்கிரமிக்க வந்தவர்கள் என்ற பழிக்கு ஆளானார்கள். இடம்பெயர்ந்தோர் சொந்த ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிந்துகொள்ள 2013இல் ஒரு தனிச் சட்டமே தேவைப்பட்டது.

ஆயுதம் அவர்களை ஒருமுறை வெளியேற்றியது. பதிவேடு அவர்களை மறந்தபோது இரண்டாம் முறையாக வெளியேற்றப்பட்டார்கள். முதலாவது கொடுமையைச் செய்யக் கொடியவர்கள் வேண்டும். இரண்டாவது கொடுமைக்கு நல்லவர்களின் மறதியே போதும்.

பெயர் எழுதிய நபி, பதிவேட்டைத் திருத்திய உமர்

எழுதி வைப்பதை இஸ்லாம் எளிதாகக் கருதவில்லை. கடன் சிறிதாயினும் பெரிதாயினும் சோம்பாமல் எழுதிக்கொள்ளும்படி பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. குர்ஆனிலேயே நீண்ட வசனம் அதுதான். சில திர்ஹம்களுக்கே எழுத்து வேண்டுமென்றால், மனிதனின் வீட்டுக்கும் நிலத்துக்கும் ஊருக்கும் எழுத்து வேண்டாமா?

மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் முஸ்லிம்களின் பெயர்களைத் தமக்காக எழுதித் தருமாறு பணித்தார்கள். 1,500 ஆண்களின் பெயர்களை எழுதினோம் என்று ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவிப்பது ஸஹீஹுல் புகாரியில் உள்ளது.

பின்னர் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பதிவேடுகளை ஏற்படுத்தி, பைத்துல்மாலிலிருந்து மக்களுக்கு உதவித்தொகை வழங்கினார்கள். தாய்ப்பால் மறந்த பிள்ளைகளுக்கே தொகை என்பது விதி. ஓர் இரவு, மதீனாவுக்கு வெளியே தங்கியிருந்த ஒரு வணிகக் கூட்டத்துக்குக் காவலாக உமர் (ரலி) நின்றபோது, ஒரு குழந்தை விடாமல் அழுதது. தாயை விசாரித்தார்கள். பால் மறந்தால்தான் உமர் தொகை தருகிறார். அதனால் பிள்ளைக்கு முன்கூட்டியே பாலை நிறுத்தப் பார்க்கிறேன் என்றார் அந்தப் பெண், தம் எதிரில் நிற்பவர் யார் என்று அறியாமல். அன்று ஸுப்ஹுத் தொழுகையில் கலீஃபாவின் அழுகையால் அவர்கள் ஓதியது மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. தொழுகை முடிந்ததும், பிறந்த குழந்தைக்கே தொகை உண்டு என்று அறிவிக்கச் செய்தார்கள்.

பதிவேட்டில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று எழுதும் ஒரு வரி, எங்கோ ஒரு குழந்தையின் வாயிலிருந்து பாலைப் பறிக்கக்கூடும். அதை அறிந்ததும் உமர் (ரலி) அவர்கள் அந்தத் தாயைக் குறை கூறவில்லை. தம் விதியைத் திருத்தினார்கள்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. துயருற்றோரின் பட்டியல் ஓர் அமானிதம். இன்னார் இந்த ஊரிலிருந்து வந்தவர், இங்கே ஒளிந்திருக்கிறார் என்ற குறிப்பு ஆயுதம் ஏந்தியவன் கையில் கிடைத்தால், உணவுக்காக எழுதிய பெயரே உயிருக்கு உலையாகும். எனவே எழுதுவதும் கடமை. எழுதியதைக் காப்பதும் கடமை.

நம் மஹல்லாவின் புத்தகம்

கண்ணியத்திற்குரியவர்களே! சூடானின் கணக்கை நாம் எழுதப் போவதில்லை. நம் மஹல்லாவின் கணக்கு நம் கையில் இருக்கிறது. நம் ஜமாஅத்தின் சந்தாப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். சந்தா கொடுப்பவரின் பெயர் இருக்கும். பிழைப்புத் தேடி வந்து வாடகைக்குக் குடியிருப்பவர், கலவரத்துக்கு அஞ்சி ஊரைவிட்டு வந்தவர், கணவனை இழந்து அண்ணன் வீட்டில் ஒதுங்கியிருப்பவர் ஆகியோரின் பெயர்கள் இருக்குமா? அவர்கள் வீட்டில் ஒரு மௌத்து நிகழும்போதுதான் எந்த ஜமாஅத் என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியை அவர் உயிரோடு இருந்தபோதே ஏன் கேட்கவில்லை?

மஸ்ஜிதுந் நபவியைப் பெருக்கிவந்த ஒருவரைச் சில நாள் காணாதபோது நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டார் என்றார்கள் தோழர்கள். எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கடிந்து, கப்ரைக் காட்டச் சொல்லி அங்கே சென்று தொழவைத்தார்கள். காணாதவரைத் தேடிக் கேட்பது நபிவழி.

ஆகவே, இந்த வாரமே ஒவ்வொரு தெருவுக்கும் இருவர் பொறுப்பேற்று, சந்தாவைக் கேட்காமல், பெயரையும் தேவையையும் மட்டும் கேட்டு எழுதுங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, நிலப் பத்திரம் ஆகியவை இல்லாதவருக்கு அவற்றைப் பெற உதவுங்கள். ஜகாத்தைப் பங்கிடும்போது வழிப்போக்கரின் பங்கை நினைவுகூருங்கள். வந்தவர் எந்த மதத்தவராயினும், அநியாயமாக வெளியேற்றப்பட்டவர் என்றால் அவருக்காகப் பேசுங்கள். வடபுலத்தில் முஸ்லிம் வெளியேற்றப்பட்டபோது வலித்தது போலவே, வன்னியில் தமிழர் வெளியேறியபோதும் நமக்கு வலிக்க வேண்டும். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதியிலிருந்து நம்மை விலக்கக் கூடாது என்பது மாயிதா அத்தியாயத்தின் போதனையல்லவா?

யா அல்லாஹ்! வீடிழந்தோருக்கு வீட்டையும், ஊரிழந்தோருக்கு ஊரையும் மீட்டுத் தருவாயாக! அவர்களை விரட்டும் கரங்களைத் தடுப்பாயாக! எங்கள் புத்தகங்களில் விடுபட்டவர்கள் உன் ஏட்டில் விடுபடவில்லை என்பதை நாங்கள் அறிவோம். அவர்களைப் பற்றி நீ எங்களிடம் கேட்கும் நாளில் வெட்கித் தலைகுனியும் நிலையிலிருந்து எங்களைக் காப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.