தீராத நோயும் தீர்க்கக்கூடிய துன்பமும்

மருத்துவ மாணவர்களும் சுகாதாரத் துறை அலுவலர்களும் கூடியுள்ள இவ்வவையில் முதற்கண் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நோயைக் குணப்படுத்தும் வழிகளை மருத்துவக் கல்லூரிகள் பல ஆண்டுகள் கற்பிக்கின்றன. நோய் குணமாகாது என்று தெளிந்த பின் நோயாளிக்கு ஆற்ற வேண்டிய பணியைக் கற்பிக்க நெடுங்காலம் ஒதுக்கப்பட்ட நேரமோ மிகச் சொற்பம். "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்ற சொற்கள் எழுவதற்கு இக்குறை ஒரு முக்கியக் காரணமாகும்.

உண்மையில் செய்ய வேண்டியவை பல உள. வலி, மூச்சுத் திணறல், குமட்டல், ஆறாப் புண், அச்சம் ஆகிய ஒவ்வொன்றையும் தணிக்க முறைகள் உண்டு. இவற்றின் தொகுப்பே வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் சுமார் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இது தேவைப்படுகிறது. அவர்களுள் சுமார் 14 விழுக்காட்டினரே இதனைப் பெறுகின்றனர்.

புனேயின் வாய்ப்பு

இக்கல்விக்குரிய வாய்ப்புகள் ஒரே நகரில் அமைந்திருப்பதைப் புனேயில் காணலாம். 1867-ல் தோன்றிய சசூன் மருத்துவமனையும், அதனோடு இணைந்து 1946 முதல் இயங்கும் பி.ஜே. மருத்துவக் கல்லூரியும், 1948-ல் நிறுவப்பட்ட ஆயுதப் படை மருத்துவக் கல்லூரியும் அங்குள்ளன. அதே நகரின் வார்ஜே பகுதியில் 1997-ல் சிப்லா நிறுவனத்தின் அறக்கட்டளை ஆதரவுச் சிகிச்சை, பயிற்சி மையம் ஒன்றைத் தொடங்கியது. புற்றுநோயாளிகளுக்கு அங்குக் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. உறவினர் ஒருவர் உடன் தங்கிப் பராமரிக்கும் முறையைப் பழகுகிறார். வகுப்பறையில் கேட்டதைப் படுக்கையருகே காண்பதற்கு மாணவர்க்கு இத்தகைய இடமே ஏற்றது.

சட்டமும் பயிற்சியும்

கடும் வலிக்குரிய முதன்மை மருந்து மார்பின். இந்தியா அபினியைச் சட்டப்படி விளைவிக்கும் நாடு. எனினும், 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டத்துக்குப் பின் பல உரிமங்கள் தேவைப்பட்டமையால், மருத்துவமனைகள் மார்பினை வைத்திருக்கத் தயங்கின. அதனைக் கையாண்டறியாமலே ஒரு தலைமுறை மருத்துவர்கள் பட்டம் பெற்றனர். 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறை எளிதாக்கப்பட்டது. ஆயினும், திருத்தம் மருந்தைக் கொணருமேயன்றி, அதனை அச்சமின்றி எழுதும் பயிற்சியைக் கொணராது. அப்பயிற்சியைக் கல்லூரியே அளித்தல் வேண்டும்.

கற்பிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, மருந்தளிக்கும் முறை: வலி மீண்டும் எழும்வரை காத்திராமல், வாய்வழி மார்பினைப் பொதுவாக 4 மணி நேரத்துக்கு ஒருமுறை அளித்தலும், உடன் தோன்றும் மலச்சிக்கலுக்கு முன்கூட்டியே மருந்து தருதலும். இரண்டாவது, உண்மையை உரைக்கும் முறை. "அவரிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று குடும்பத்தார் வேண்டுவது நம் நாட்டில் இயல்பு. அவர்களைக் கடிந்துகொள்ளாமல், நோயாளி அறிந்திருப்பது எவ்வளவு, அறிய விரும்புவது எவ்வளவு என்று முதலில் வினவப் பழகுதல் வேண்டும். மூன்றாவது, இல்லம் செல்லுதல். கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கப்பட்ட வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சைச் சங்கமும், அதன் வழியே கேரளத்தில் பரவிய தொண்டர் குழுக்களும் இதன் பயனை மெய்ப்பித்துள்ளன. மருந்துச் சீட்டில் புலப்படாத வறுமையும் பராமரிப்போரின் களைப்பும் வீட்டில் புலப்படும்.

2019 முதல் நடைமுறைக்கு வந்த மருத்துவப் பாடத்திட்டம் உளப்பாங்கு, அறநெறி, தொடர்பாடல் ஆகியவற்றுக்குத் தனிப் பகுதி வகுத்துள்ளது. உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவது பற்றி உச்ச நீதிமன்றம் 2018-ல் வழிமுறைகளை வகுத்து, 2023-ல் அவற்றை எளிதாக்கியது. ஆகவே, வருங்கால மருத்துவர் இச்சட்டத்தையும் அறிதல் வேண்டும்.

தேர்வில் வினவப்படாத பாடம் படிக்கப்படுவதில்லை என்பதை ஆசிரியர்கள் அறிவர். மார்பின் அளவைக் கணித்தலும், நோயாளியுடன் உரையாடுதலும் செய்முறைத் தேர்வில் இடம்பெற வேண்டும். ஆதரவுச் சிகிச்சை மையத்தில் சில நாள் பணி ஒவ்வொரு மாணவர்க்கும் கட்டாயமாதல் வேண்டும். இதற்குப் பெரும் கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. கல்லூரிக்கும் மையத்துக்கும் இடையே ஓர் ஒப்பந்தமும், மாவட்ட மருத்துவமனையில் மார்பின் தடையின்றிக் கிடைக்கும் ஏற்பாடும் போதும். முன்னது கல்வியாளர் கடமை. பின்னது அலுவலர் கடமை.