தானே கழலும் கம்பளியும் ஆட்டின் வலையாடையும்

(மகாவீர ஜெயந்தி விழாவின் சிந்தனை அரங்கில் ஆற்றப்பெற்ற உரை)

 

திகம்பர முனிவர் கையில் ஏந்தும் மயிற்பீலியைச் சமணக் குடும்பங்களில் அறியாதவர் இலர். அமரும் இடத்திலும் நடக்கும் வழியிலும் உள்ள சிற்றுயிர்களை வருத்தாமல் விலக்குவதற்கு உரிய கருவி அது. மயிலைப் பிடித்துப் பிடுங்கிய இறகு அதற்கு ஆகாது. மயில் தானே உதிர்த்த தோகையைப் பொறுக்கிக் கட்டுவதே முறை. சாதுர்மாசம் நிறைவுற்றபின் பழைய பீலியை நீக்கிப் புதியதை ஏற்கும் வழக்கமும், மயில் தோகை உதிர்க்கும் பருவத்தை ஒட்டியே அமைந்திருக்கிறது.

இந்த அளவுகோலைக் கம்பளிக்கும் வைத்துப் பார்க்கலாம். பட்டைப் பற்றி இக்கேள்வி நெடுங்காலமாகவே எழுப்பப்பட்டு வருகிறது. கூட்டினுள் இருக்கும் புழு வெந்நீரில் மடிகிறது என்பதறிந்து பட்டைத் துறந்த இல்லங்கள் பல. கம்பளியை யாரும் கேட்பதில்லை. "ஆட்டைக் கொல்வதில்லையே, முடியைத்தானே வெட்டுகிறார்கள்" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்துக்கொள்வதே உலக வழக்கம். வந்தவாசியிலும் ஆரணியிலும் கம்பளிக்குப் பெரிய தேவை இல்லை என்பது உண்மைதான். ஆனால் பெங்களூரிலும் தில்லியிலும் கடல் கடந்த குளிர்நாடுகளிலும் வாழும் பிள்ளைகளுக்குத் தேவை உண்டு.

கத்திரியே படாமல் கம்பளி எடுக்கும் முறை ஒன்றை ஆஸ்திரேலிய நாட்டார் கண்டனர். அம்முறையில் ஆட்டுக்கு ஓர் ஊசி போடுவார்கள். சில நாட்களில் கம்பளி முழுவதும் தளர்ந்து கழன்றுவிடும். கழன்றது காட்டில் சிதறாமலும், ஆட்டின் தோல் வெயிலிலும் குளிரிலும் வாடாமலும் இருக்க, உடலைச் சுற்றி ஒரு வலையாடை அணிவிப்பார்கள். இதனை அகிம்சைக் கம்பளி என்று கொள்ளலாமா?

இதற்கு விடை தேடுமுன், ஆடு ஏன் தானே முடி உதிர்ப்பதில்லை என்பதை அறிய வேண்டும். காட்டுச் செம்மறி ஆண்டுதோறும் உதிர்க்கும். ஸ்காட்லாந்தின் செயின்ட் கில்டா தீவுகளில் வாழும் சோயே என்னும் பழைய இனம் இன்றும் உதிர்க்கிறது. ஷெட்லாண்ட் தீவுகளில் கோடையின் தொடக்கத்தில் கம்பளி தளரும் தருணம் பார்த்துக் கையாலேயே உருவி எடுக்கும் பழக்கம் இருந்தது. மெரினோ முதலிய இனங்களோ, கம்பளி நிற்காமல் வளர வேண்டும் என்று மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து பெருக்கியவை. அவற்றுக்கு உதிர்க்கும் பருவம் இல்லை. வெட்டாமல் விட்டால் தன் கம்பளியின் பாரத்தாலும் வெப்பத்தாலும் அந்த ஆடே துன்புறும். ஆகவே வெட்டுதலே பாவம் என்று எளிதாகச் சொல்லிவிடவும் இயலாது. ஆட்டை அந்நிலைக்குக் கொண்டுவந்தது மனிதன். அதன் சுமையை இறக்குவதும் அவன் கடனாகிவிட்டது.

வெட்டும் முறையில்தான் கொடுமை நுழைகிறது. கம்பளி வெட்டுவோருக்கு நாட்கூலி இல்லை. ஆட்டுக்கு இவ்வளவு என்பதே கூலி. விரைவே வருமானம். 1892ஆம் ஆண்டில் ஜாக் ஹவ் என்பவர் குயின்ஸ்லாந்தில் கைக்கத்திரி கொண்டு 7 மணி 40 நிமிடங்களில் 321 ஆடுகளை வெட்டி முடித்தார். ஓர் ஆட்டுக்கு ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்நாட்டார் இதனை வீரச் செயலாகப் போற்றுகின்றனர். திறமை மறுக்கக்கூடியதன்று, எனினும் அந்த ஒன்றரை நிமிடத்தை ஆட்டின் பக்கமிருந்து எண்ணிப் பார்க்கச் சமணருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோல் மடிப்புகள் மிகுந்த மெரினோவில் கத்தி பட்டுக் காயம் உண்டாவது இயல்பு. வெட்டிய பின்பு குளிர்மழை வந்தால் ஆடுகள் விறைத்து மடிவதும் உண்டு. ஆஸ்திரேலிய வானிலைத் துறை, செம்மறி வளர்ப்போருக்கென்றே தனி எச்சரிக்கை விடுக்கும் வழக்கம் இதனால் ஏற்பட்டதே.

ஆட்டுக்கு ஆடை போர்த்துவதும் கத்திரியின்றிக் கம்பளி எடுப்பதும் இன்று தோன்றியவையல்ல. உரோமானிய அறிஞர் வார்ரோ, கிறித்துவுக்கு முந்திய நூற்றாண்டில் எழுதிய வேளாண்மை நூலில் இரண்டையும் குறித்திருக்கிறார். உயர்ந்த கம்பளி தரும் தாரெந்தும் ஆடுகளுக்கு, கம்பளி அழுக்குறாதிருக்கத் தோலாலான மேலாடை போர்த்தினர். வெட்டுவதற்கு முன்பு பறித்தலே பழைய முறையாக இருந்தது என்றும், தம் காலத்திலும் பறிப்போர், ஆட்டை மூன்று நாள் பட்டினி போட்டே பறித்தனர் என்றும் கூறுகிறார். மெலிந்த ஆட்டின் முடி எளிதில் பெயர்ந்துவரும் என்பது காரணம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே கத்தி இல்லை, இரத்தமும் இல்லை. ஆடு மூன்று நாள் பசித்துக் கிடந்தது.

அடுத்த முயற்சி வேதிப்பொருளால் நடந்தது. 1960களின் இறுதியில் அமெரிக்காவில், புற்றுநோய்க்குத் தரும் சைக்ளோபாஸ்பமைடு என்னும் மருந்தைச் செம்மறிக்குக் கொடுத்துப் பார்த்தனர். அம்மருந்து உண்ட நோயாளிகளுக்கு முடி கொட்டுவதைக் கண்டு எழுந்த யோசனை அது. கம்பளி கழன்றது. ஆனால் மேலாடை ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அப்போது இல்லை. முடியற்ற ஆடு வெற்றுத் தோலோடு வெயிலிலும் குளிரிலும் நின்றது.

ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. மேற்கொண்ட வழி வேறு. ஸ்டான்லி கோஹன் என்னும் அமெரிக்க அறிஞர் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்திருந்தார். மேற்றோல் வளர்ச்சிக் காரணி என்பது அதன் பெயர். பிறந்த எலிக்குட்டிக்கு அதனைச் செலுத்தினால் கண்கள் முன்னதாகவே திறந்தன. பற்கள் முன்னதாகவே முளைத்தன. 1986ஆம் ஆண்டின் நோபல் பரிசு இக்கண்டுபிடிப்புக்காக அவருக்கும், நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்ட ரீட்டா லெவி-மொண்டால்சினி அம்மையாருக்கும் கிடைத்தது. அப்புரதத்தைச் செம்மறிக்குச் செலுத்தியபோது, மயிர்க்கால்களில் முடி உருவாகும் வேலை சிறிது நேரம் நின்று மீண்டும் தொடங்குவதைச் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வாளர்கள் கண்டனர். நின்ற இடத்தில் ஒவ்வோர் இழையிலும் ஒரு நலிவு விழுகிறது. அவ்விடத்தில் இழை அறுபடுகிறது. பயோகிளிப் என்னும் பெயரில் இம்முறை 1998ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது.

வலையாடையின் பணி இங்கேதான். முதலில் ஆட்டின் உடலைச் சுற்றி, நெகிழும் மெல்லிய வலைத்துணியை இறுக்கமில்லாமல் பொருந்துமாறு அணிவிப்பர். கால்களும் தலையும் வெளியே இருக்கும். பின்னர் ஊசி. ஏறத்தாழ ஒரு வாரத்தில் கம்பளி தோலிலிருந்து விடுபடும். எனினும் வலை தாங்கியிருப்பதால் கீழே விழாது. ஆடு வழக்கம்போல் மேயும், நீர் குடிக்கும், மந்தையோடு நடக்கும். கழன்ற கம்பளியே அதற்குப் போர்வையாகிவிடுகிறது. அதன் அடியில் புதுமுடி மெல்ல எழும்பும். 3 அல்லது 4 வாரங்கள் கழித்து, தோலை மூடும் அளவுக்குப் புதுமுடி வளர்ந்தபின், வலையைத் திறந்து பழைய கம்பளியைப் போர்வையை உரிப்பதுபோல் ஒரே விரிப்பாக எடுத்துவிடுவர். கத்தி படாததால் தோலில் காயம் இல்லை. இருமுறை வெட்டுப்பட்ட துண்டு இழைகளும் கம்பளியில் கலப்பதில்லை; நூற்போருக்கும் அது நன்று. சைக்ளோபாஸ்பமைடு ஆட்டுக்கு இல்லாதிருந்தது இந்த நான்கு வாரக் காப்புத்தான்.

இனி அளவுகோல். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இல்லறத்தாரின் அகிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிப் பாரமேற்றல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. கால்நடை வளர்க்கும் குடியானவனை மனத்தில் வைத்தே வகுத்தாற்போன்று இவை அமைந்திருக்கின்றன. கொல்லாதிருந்தும் விரதம் பழுதுபடும் வழிகள் இவை. வார்ரோ காலத்து ஆட்டின் மூன்று நாள் பட்டினி, ஐந்தாவதில் நேரே விழுகிறது.

வலையாடை கட்டுதலாகுமா? பூஜ்யபாதரின் சர்வார்த்தசித்தி, உயிர் தான் விரும்பும் இடத்துக்குச் செல்வதைத் தடுப்பதே கட்டு என்று விளக்குகிறது. வலையணிந்த ஆடு தான் விரும்பிய இடத்தில் மேய்கிறது. ஆகவே சரியாக அணிவித்த வலை கட்டு ஆகாது என்பது பொருந்தும். முட்செடியில் சிக்கும் வலையும், தோலை உராய்ந்து புண்ணாக்கும் வலையும் வேறு. அவற்றுக்கு இவ்விலக்கு இல்லை.

உறுப்பறுத்தலே கடினமான இடம். காது மூக்கு முதலிய உறுப்புகளை நீக்குவது என்று அதே உரை இதற்குப் பொருள் சொல்கிறது. கத்திரி தவிர்க்கப்பட்டதால் ஒரு வெட்டு குறைந்தது, உண்மை. ஆனால் அந்த ஆட்டின் காதில் அடையாள வெட்டு உண்டு. குட்டியாக இருந்தபோதே வாலைக் குறுக்கியிருப்பார்கள். மெரினோ குட்டிகளுக்கு, ஈ முட்டையிட்டுப் புழு வைக்காதிருக்க, பின்புறத் தோலை அறுத்தெடுக்கும் மியூல்சிங் என்னும் வழக்கம் ஆஸ்திரேலியாவில் இன்னும் முற்றாக ஒழியவில்லை. நியூசிலாந்து அதனை 2018ஆம் ஆண்டு அக்டோபரில் தடை செய்தது. வலையாடைக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. வலை அணிந்த ஆடும் மியூல்சிங் செய்யப்பட்ட ஆடாக இருக்கலாம்.

ஊசியைப் பற்றியும் மறைக்கலாகாது. ஆய்வின் தொடக்கத்தில் அப்புரதம் சுண்டெலிகளின் சுரப்பியிலிருந்தே எடுக்கப்பட்டது. அவை உயிரிழந்த பின்பே சுரப்பி கிடைக்கும். பிற்காலத்தில் மரபணுத் தொழில்நுட்பத்தால் அது உண்டாக்கப்பட்டது. சினையாட்டுக்குச் செலுத்தினால் கரு கலையும் அபாயம் இருப்பதும் ஆய்வுகளிலேயே தெரியவந்தது. அதனால் சினையாடுகளுக்கு இம்முறை விலக்கு. மந்தையில் எது சினை என்று பார்க்கத் தவறினால், கருவிலிருந்த உயிர் அந்த ஊசியால் அழியும்.

மயிற்பீலியோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். மயிலின் இறகு மயிலின் பருவத்தில் உதிர்கிறது. இந்த ஆட்டின் கம்பளி பண்ணைக்காரர் குறித்த நாளில் உதிர்கிறது. வலையாடை தேவைப்படுவதே அதனால்தான். தன் பருவத்தில் உதிர்க்கும் சோயே ஆட்டுக்கு வலையாடை வேண்டாம். உதிரும்போதே அடியில் புதுமுடி ஆயத்தமாகிவிடும். முனிவரின் கேசலோசத்தை இங்கே நினைவுகூர்தல் தகும். இரண்டு முதல் நான்கு திங்களுக்கு ஒருமுறை, கத்தியின் துணையின்றித் தம் கையாலேயே தலைமயிரைப் பறித்துக்கொள்கிறார். வலி அங்கும் உண்டு; ஆனால் அதை ஏற்பவர் அவரே. ஆட்டினிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.

ஆகவே வலையாடைக் கம்பளி கத்திரிக் கம்பளியைவிடத் துன்பம் குறைந்தது என்று சொல்வது நேர்மை. அகிம்சைக் கம்பளி என்று பெயரிடுவது மிகை. இம்முறை பெருவழக்காகவும் இல்லை. வலைக்கும் மருந்துக்கும் ஆகும் செலவு கூடுதல். ஆடுகளை இருமுறை பிடிக்க வேண்டும். கத்திரியே இன்றும் ஆட்சி செய்கிறது.

"தானே உதிர்ந்தது" என்னும் சொல்லின்மேல் இரக்கமுள்ளவர்களுக்கு உள்ள நம்பிக்கையை வணிகர் நன்கு அறிவர். ஷாதூஷ் என்னும் சால்வையின் கதை அதற்குச் சான்று. திபெத்தியப் பீடபூமியின் சிரு மான் புதர்களில் உராய்ந்து உதிர்த்த முடியைப் பொறுக்கி நெய்தது என்று சொல்லி விற்றனர், வாங்கியோர் நம்பினர். உண்மையில் ஒவ்வொரு சால்வைக்கும் பல மான்கள் கொல்லப்பட்டன. ஜார்ஜ் ஷாலர் முதலிய இயற்கை ஆய்வாளர்கள் இதனை வெளிப்படுத்தினர். இன்று இந்தியச் சட்டமும் உலக உடன்படிக்கையும் அவ்வணிகத்தைத் தடுக்கின்றன.

இதே வடபுலத்தில், லடாக்கின் சாங்தாங் பகுதியில், பஷ்மினா ஆடுகள் குளிர்காலத்துக்கென வளர்த்த அடிமயிரை இளவேனிலில் தாமே தளர்த்துகின்றன. மேய்ப்போர் அதனைச் சீப்பால் வாரி எடுக்கின்றனர். வாருவதும் பிடித்து வைத்துத்தான். ஆட்டுக்கு அது இன்பமன்று. எனினும் பருவம் ஆட்டினுடையது. மயிற்பீலிக்கு மிக அருகில் வருவது இதுவே. விலையோ எல்லார் கைக்கும் எட்டாதது. பஷ்மினா என்ற பெயரில் இயந்திர நூலும் விற்கப்படுகிறது.

குளிர்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கம்பளி வாங்கும் குடும்பங்கள் கடையில் ஒன்றையேனும் கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் கம்பளி ஏலத்துக்கு வரும்போது, அந்த ஆடுகளுக்கு மியூல்சிங் நடந்ததா இல்லையா என்று வளர்ப்போர் எழுதித் தரும் உறுதிமொழி முறை உள்ளது. மியூல்சிங் இல்லாத கம்பளியை மட்டும் வாங்கும் ஆடை நிறுவனங்களும் உள்ளன. சீட்டில் அவ்வாறு அச்சிட்டிருந்தால் பார்த்து வாங்கலாம். அச்சிடாவிட்டால், பெட்டியில் இருக்கும் பாட்டியின் பழைய சால்வையை எடுத்துப் பூச்சி அரித்த இடத்தைத் தைத்து அனுப்பலாம். அதற்காகப் புதிதாக எந்த ஆட்டையும் பிடிக்க வேண்டியதில்லை.